மேடே இல்லாத ஈ.சி.ஆர். ஈஸியா? மாரத்தானுக்குப் பெயர் கொடுக்கும் முன் இதைப் பாருங்க!

ஞாயிற்றுக்கிழமை அதிகாலை 4.30 மணி. மாமல்லபுரத்தில் டீக்கடைகளே அப்போதுதான் அடுப்பு பற்றவைக்கும். அதற்குள் ஈ.சி.ஆர். ஓரமாக ஓட்டக்காரர்கள் கிளம்பிவிடுகிறார்கள். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பைக்கில் வந்து சேருகிறவர்களும் உண்டு. ஓடி முடித்து இளநீர் குடிக்கும்போது எழும் கேள்வி ஒன்றுதான்: ‘முதல் ஃபுல் மாரத்தானை எங்கே ஓடுவது?’

‘மேடு இல்லாத ஊராப் பாரு’ என்பதுதான் பலரும் சொல்லும் பதில். பாதி சரி. கடற்கரைச் சாலையில் மேடு என்று பார்த்தால் முட்டுக்காடு பாலம் மாதிரி ஒன்றிரண்டுதான். ஆனால், இங்கே மலையின் வேலையைப் புழுக்கம் செய்துவிடுகிறது. காற்றில் ஈரம் அதிகமானால் வியர்வை சொட்டுமே தவிர, உலராது. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது.

2019 தோஹா உலக தடகளப் போட்டி இதற்குச் சாட்சி. வெயிலுக்கு பயந்து பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் வைத்தார்கள். பாதையில் மலை கிடையாது. புறப்பட்ட 68 பேரில் 28 பேர் பாதியிலேயே விலகினார்கள். எல்லோரும் உலகத் தர வீராங்கனைகள்!

சென்னை மாரத்தான் ஜனவரியில் நடப்பதற்கு அர்த்தம் இருக்கிறது. நேப்பியர் பாலத்தில் இருட்டிலேயே தொடங்கி ஈ.சி.ஆர். பக்கம் வருகிறது. அந்த மாதத்தில் சூரியன் உதிக்கவே 6.30 ஆகிவிடும். 4 மணிக்கு ஓட்டம் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றரை மணி நேரத்தில் முடிப்பவருக்கு வெயில் ஒரு மணி நேரம்தான். ஐந்தரை மணி நேரம் எடுப்பவருக்கோ மூன்று மணி நேரம், அதுவும் நிழல் இல்லாத சாலையில். ஒரே பாதைதான், ஆனால் இருவரும் ஓடுவது வேறு வேறு போட்டி. அதனால் தேதியைப் பார்க்கும்போதே, ‘நான் முடிக்கும்போது மணி என்ன?’ என்று கணக்குப் போடுங்கள். மெதுவாக ஓடுபவர்களுக்கு மேட்டைவிட முக்கியமான கணக்கு இதுதான்.

சரி, மேட்டுக்கு வருவோம். எவ்வளவு மேடு என்பதைவிட, எத்தனையாவது கிலோமீட்டரில் என்பதுதான் கேள்வி. மும்பை மாரத்தானின் பெடர் ரோடு ஏற்றம் அப்படியொன்றும் பெரியதல்ல. ஆனால், கால் சோர்ந்துபோன கடைசிப் பகுதியில் வருகிறது. பாஸ்டனில் தொடக்கப் புள்ளியைவிட முடிவுப் புள்ளி தாழ்வு. 2011-ல் ஜெஃப்ரி முட்டாய் அங்கே 2:03:02 மணி நேரத்தில் ஓடியும், இறக்கம் அதிகம் என்பதால் உலக சாதனையாக ஏற்கப்படவில்லை. அப்படியானால் சுலபமான பாதையா? அதுதான் இல்லை. இறக்கத்தில் ஒவ்வொரு அடிக்கும் தொடைத் தசை பிரேக் போடுகிறது. அப்படி அடிவாங்கிய தொடையோடு 32-வது கிலோமீட்டர் வாக்கில் ‘ஹார்ட்பிரேக் ஹில்’ ஏற வேண்டும்.

சதாராவின் மலைப்பாதை அரை மாரத்தானில் முதல் பாதி ஏற்றம், மறுபாதி இறக்கம். லடாக் வேறு ரகம். லே நகரமே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வாரம் பத்து நாள் முன்னாடியே போய் உடம்பைப் பழக்க வேண்டும். லீவு கிடைக்காதவர்கள் அந்த ஆசையைத் தள்ளிப்போடலாம். செம்மண் காட்டுப்பாதை பிடிக்குமென்றால், பிப்ரவரியில் நடக்கும் ஆரோவில் மாரத்தான் அதே ஈ.சி.ஆரில் தெற்கே கொஞ்ச தூரம்தான்.

மலைப் போட்டியைத் தேர்ந்தெடுத்துவிட்டால் இங்கே எங்கே பயிற்சி எடுப்பது? திருக்கழுக்குன்றம் மலைக்கு 500-க்கும் மேற்பட்ட படிகள் உண்டு. ஆனால் அது கோயில். செருப்பைக் கழற்றிவிட்டு பக்தராக ஏறுங்கள், ஓட வேண்டாம். ரயில்வே மேம்பாலம் போதும். வண்டி நடமாட்டம் குறைந்த நேரத்தில், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி பத்து முறை ஏறி இறங்கினாலே தொடை பதில் சொல்லும்.

போட்டி இணையதளத்தில் போடும் ஏற்ற இறக்கப் படத்தை மட்டும் நம்பிவிட வேண்டாம். சின்னப் பாலம்கூட அதில் இமயமலை மாதிரி தெரியும். மொத்தம் எத்தனை மீட்டர் ஏற்றம் என்ற எண்ணைத் தேடுங்கள். தொடக்கமும் முடிவும் ஒரே இடம் என்பதால் ஏற்றமே இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள்.

ஓடும்போது தலைசுற்றல், குழப்பம், தள்ளாட்டம், வெயிலிலும் குளிர் நடுக்கம் வந்தால் அங்கேயே நின்று மருத்துவ உதவியைக் கூப்பிடுங்கள். மெடல் அடுத்த ஜனவரியிலும் கிடைக்கும்.