ஒருசாலை மாணாக்கர்

ஓர் ஆசிரியரிடம் ஒரே காலத்தில் பாடம் கேட்டவர்களை ‘ஒருசாலை மாணாக்கர்’ என்பது தமிழ் வழக்கு. நூலுக்குச் சிறப்புப்பாயிரம் பாடத் தகுதியுடையோர் நால்வர் என்று நன்னூல் கூறுவதை நீங்கள் அறிவீர்கள். நூலாசிரியரின் ஆசிரியர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோரோடு உடன்கற்றவரும் அவர்களுள் ஒருவராக வைக்கப்பட்டார். ஆசிரியர் மாணவனை மேலிருந்து பார்க்கிறார். மாணாக்கர் ஆசிரியரைக் கீழிருந்து பார்க்கிறார். உடன்கற்றவர் மட்டுமே ஒருவரை நேருக்கு நேராகப் பார்க்கிறார். தொல்காப்பியத்திற்குப் பாயிரம் அளித்த பனம்பாரனார், தொல்காப்பியரின் ஒருசாலை மாணாக்கர் என்பது உரையாசிரியர் மரபு. அம்மரபின்படி நோக்கினால், தமிழில் நமக்குக் கிடைக்கும் பழைய நூலின் முதற்பக்கமே உடன்பயின்ற ஒருவர் தம் தோழரைப் பற்றிச் சொன்ன சொல்லாக அமைந்துவிடுகிறது.

உரைநடையில் இத்தகைய சொல்லோவியங்களைப் பெருக எழுதியவர் உ.வே.சாமிநாதையர். 1871ஆம் ஆண்டு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்த அவர், ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து ஆனந்த விகடனில் ‘என் சரித்திரம்’ எழுதியபோது தம் உடன்மாணாக்கர்களை நினைவுகூர்ந்தார். அவர்களுள் சவேரிநாத பிள்ளை மறக்க இயலாதவர். சைவ மடத்தின் புலவரிடம் பயின்ற கிறித்தவர் அவர். ஆசிரியரின் இறுதி நாள்களில் உடனிருந்து பணிவிடை செய்தவர். அவருடைய புலமையை அளந்து சொல்லும் வேலையில் உ.வே.சா. இறங்கவில்லை. அவர் எப்படிப் பழகினார், எதற்கு ஓடி வந்தார் என்பனவற்றையே எழுதினார். நமக்கு நினைவில் நிற்பவையும் அவையே.

பழைய குருகுலத்தில் மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் ஒன்றாக வாழ்ந்தார்கள். பிரிவுக்கு நாள் குறிக்கப்படவில்லை. நவீனப் பள்ளி அந்த நாளைக் குறித்தது. சென்னை மாகாணத்தில் 1911 முதல் பள்ளி இறுதிச் சான்றிதழ்த் தேர்வு நடைபெற்றது. எஸ்.எஸ்.எல்.சி. என்னும் எழுத்துகள் ஊர்ப்புறத்திலும் புழங்கத் தொடங்கின. ஆறாம் பாரம் என்பது உயர்நிலைப் பள்ளியின் கடைசி வகுப்பு. இன்றைய வகுப்புக் கணக்கில் பதினொன்று. அதாவது, இப்போது நீங்கள் அமர்ந்திருக்கும் இடம். அந்நாளில் உயர்வகுப்புகளில் பாடமொழி பெரும்பாலும் ஆங்கிலமே. கட்டணமும் உண்டு. உழவர் வீடொன்றிலிருந்து ஒரு பையன் ஆறாம் பாரம் வரை வருவதற்குள் சில வேளைகளில் நிலமும் நகையும் அடகுக்குப் போயின. தேர்வு முடிந்த மாலையில் ஒருவன் கல்லூரிக்கு, ஒருவன் தாலுகா அலுவலக எழுத்தர் வேலைக்கு, ஒருவன் ஏருக்கு என்று வழிகள் பிரிந்தன. பலர் மீண்டும் சந்திக்கவே இல்லை.

அந்தச் சான்றிதழ் ஓர் ஏடாகவே கட்டப்பட்டிருக்கும். பெயர், பிறந்த நாள், மதிப்பெண்கள் ஆகியவற்றோடு அங்க அடையாளங்களும் அதில் பதியப்பட்டன. ‘வலக்கையில் ஒரு மச்சம், இடமுழங்காலில் ஒரு தழும்பு’ என்பது போன்ற குறிப்புகளை உங்கள் மாற்றுச் சான்றிதழிலும் காணலாம். அலுவலகத்துக்கு அது போதும். ஆனால், அந்தத் தழும்பு எந்த மரத்திலிருந்து விழுந்ததால் வந்தது, விழுந்தவனைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் யார் என்பது பக்கத்துப் பலகையில் அமர்ந்திருந்தவனுக்குத்தான் தெரியும். உடன்பயின்றோரைப் பற்றிய எழுத்தெல்லாம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. அதே பத்தாண்டுகளில் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள் விடைபெறும் ஒவ்வொரு மாணவரின் படத்தின் கீழும் தோழர்கள் எழுதிய ஓரிரு வரிகளை ஆண்டுமலரில் அச்சிட்டன. நம் பள்ளிகளில் குழுப்படம் இருந்தது. அதில் முகங்கள் இருந்தன, வரிகள் இல்லை. வரிகளைப் பின்னாளில் எழுத்தாளர்கள் எழுதினார்கள்.

அவர்களுள் ஒருவர் திருப்பத்தூரில் படித்தவர். ஒருபுறம் சவ்வாது மலையும் மறுபுறம் ஏலகிரியும் காவல் நிற்கும் அவ்வூர், 1911இல் சேலம் மாவட்டத்திலிருந்து வடஆர்க்காட்டிற்கு மாறியது. 2019இல் தானே ஒரு மாவட்டத்தின் தலைநகரானது. வேலம் என்னும் சிற்றூரிலும் வாலாசா, இராணிப்பேட்டைப் பகுதியிலும் இளமைக் கல்வி பெற்ற திருவேங்கடம் என்ற மாணவர், திருப்பத்தூரில் உயர்நிலைக் கல்வியை முடித்தார். 1928ஆம் ஆண்டு பள்ளி இறுதித் தேர்வில் தேறியபோது அவருக்கு வயது பதினாறு. கல்லூரிக்குச் செல்லாமல் தாலுகா அலுவலகத்தில் எழுத்தரானார். உடல்நலம் குன்றி அவ்வேலையை விட்டார். பிறகு தாமே முயன்று தமிழ் பயின்று, 1935இல் வித்துவான் தேர்வில் மாகாணத்திலேயே முதலிடம் பெற்றார். திருப்பனந்தாள் மடத்தின் ஆயிரம் ரூபாய்ப் பரிசும் கிடைத்தது. திருப்பத்தூர் நகராண்மைக் கழக உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராகப் பணியாற்றி, 1939இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரிக்குச் சென்றார். நாம் மு.வ. என்று அழைக்கும் மு.வரதராசனார் அவரே.

பள்ளியை விட்டு முப்பது ஆண்டுகள் ஆனபின் 1958இல் வெளிவந்த அவருடைய ‘அகல் விளக்கு’ நாவல், 1961இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதைப் பலர் அறிவுரை நாவல் என்பர். மு.வ.வின் கதைமாந்தர் வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அறவுரை கூறத் தொடங்கிவிடுகிறார்கள் என்னும் குறையில் உண்மையும் உண்டு. ஆயினும் அறவுரைகளை மறந்தவர்களும் சந்திரனை மறப்பதில்லை. வாலாசாவில் வேலய்யன் என்னும் மாணவன் இருக்கிறான். அவன் வீட்டருகே சந்திரன் என்னும் பையன் குடிவருகிறான், அழகன், படிப்பில் முந்துபவன், தெருவே அவனைக் கொண்டாடுகிறது. இருவரும் ஒன்றாகப் பள்ளிக்குச் செல்கிறார்கள். கதையைச் சொல்பவன் வேலய்யனே. இந்த அமைப்பில்தான் நாவலின் உயிர் இருக்கிறது. மின்னலைப் போல ஒளிவிட்ட சந்திரன் வழிதவறிக் கெட்டழிகிறான். அகல் விளக்கைப் போல அடங்கி எரிந்த வேலய்யன் நிலைக்கிறான். வென்றவன் தோற்றவனைப் பற்றிக் கதை சொன்னால் அது எளிதில் தீர்ப்பாகிவிடும். இங்கு அது தீர்ப்பாகவில்லை. வேலய்யன் தோழனின் குற்றங்களை மறைக்கவில்லை. அதே சமயம், முதல் நாள் கண்ட அந்த ஒளியையும் பொய் என்று சொல்லவில்லை. பின்னாளில் கெட்டுப்போனவன் என்பதற்காகப் பள்ளி நாளில் அவன் அழகாக இருந்ததை அழித்து எழுதுவது நேர்மையாகாது அல்லவா?

அன்பு கலந்த சொல்லோவியம் என்றால் புகழுரை என்று பலர் கருதிவிடுகிறார்கள். பிரிவுவிழா நாளில் மாணவர்கள் நீட்டும் நினைவேடுகளைப் புரட்டினால் இது புலப்படும். ‘பண்பானவன், பாசமானவன்’ என்ற சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. பெயரை மாற்றி எழுதினாலும் பொருந்தும். ‘கணக்குத் தெரியாதபோது சுண்ணக்கட்டியை இரண்டாக ஒடிப்பான்’ என்று ஒருவர் எழுதியிருந்தால் அந்தப் பக்கம் ஒருவனுக்கு மட்டுமே உரியது. குறையைச் சொல்வதற்கும் அன்பு வேண்டும். அன்பில்லாதவர் குறையைக் குறையாக மட்டுமே காண்பார்.

ஆங்கிலத்தில் எழுதிய தமிழரான ஆர்.கே.நாராயண் இக்கலையில் வேறு வழி சென்றார். 1925இல் கல்லூரி நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்தில் தவறியவர் அவர். 1935இல் வெளிவந்த ‘சுவாமியும் நண்பர்களும்’ அவரது முதல் நாவல். சுவாமிநாதன், மணி, ராஜம் ஆகிய மூவரும் உயர்நிலைப் பள்ளியின் இறுதியை எட்டாத சிறுவர்கள். எனினும் பிரிவு அங்கும் வந்துவிடுகிறது. தந்தைக்கு மாறுதல் வந்து ராஜம் ஊரைவிட்டுச் செல்லும் நாளில், மனத்தாங்கல் தீராத நண்பனுக்குச் சுவாமி ஒரு புத்தகத்தைக் கொடுக்கிறான். ரயில் நகர்கிறது. ராஜம் மன்னித்தானா என்பது வாசகருக்கும் சொல்லப்படவில்லை. வேலய்யனுக்குத் தோழனின் முழு வாழ்வும் தெரியும். சுவாமிக்கு நகரும் ரயில்வரைதான் தெரியும். நம்மில் பெரும்பாலோர் உடன்பயின்றோரைப் பற்றிச் சுவாமியின் அளவே அறிவோம்.

இந்த ஓவியங்களில் காணாத முகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அக்கால உயர்நிலைப் பள்ளியின் குழுப்படம் ஒன்றைப் பார்த்தால் தலைப்பாகைகளும் தொப்பிகளும் மூடிய கழுத்துச் சட்டைகளும் தெரியும். பெண்கள் பெரும்பாலும் இரார். 1886இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, புதுக்கோட்டை மகாராசா கல்லூரியில் ஆண்கள் நிறைந்த வகுப்பில் தனியொரு பெண்ணாகப் பயின்றார். வகுப்பு இருந்தது, தோழி இல்லை. தீண்டாமையால் வாசலிலேயே நிறுத்தப்பட்ட பிள்ளைகள் பலர். திருப்பத்தூரிலிருந்து பார்த்தால் சவ்வாது மலை கண்ணுக்கெட்டும் தொலைவுதான். அம்மலையூர்களில் வாழ்ந்த மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளுக்கு அடிவாரத்து உயர்நிலைப் பள்ளி காலுக்கு எட்டாத் தொலைவில் இருந்தது. பக்கத்துப் பலகையில் அமர்ந்திராத ஒருவரைப் பற்றி யாரும் நட்போவியம் எழுத இயலாது. இன்று மலைமேலேயே அரசின் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் நடைபெறுகின்றன. அங்கே ஒரே விடுதியில் உண்டு, உறங்கி, படித்துத் தேர்வெழுதி மலையிறங்கும் ஒருசாலை மாணாக்கரைப் பற்றிய பக்கங்கள் எழுதப்படுவதற்குக் காத்திருக்கின்றன.