9-க்கும் 10-க்கும் நடுவில்

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. 9 தாண்டினால் 10. நடுவே வேறு பலகை கிடையாது.

மழைக்கு ஒதுங்கிய டீக்கடையில், பொள்ளாச்சியில் இயற்பியல் படிக்கும் அண்ணன் மகளுக்குக் குவாண்டம் ஹால் விளைவை இந்தப் பலகைகளை வைத்துத்தான் சொன்னேன். எலெக்ட்ரான்களை ஒரே தளத்தில் அடைத்து, கடுங்குளிரில் வைத்து, செங்குத்தாக வலுவான காந்தப்புலம் கொடுத்தால், ஒவ்வொன்றும் செக்கு மாடுபோலத் தன் வட்டத்திலேயே சுற்றும். 1980-ல் கிளாஸ் வான் கிளிட்சிங் அளந்தபோது குறுக்கு மின்தடை படிப்படியாக நின்றது: 25,812.8 ஓம், அதில் பாதி, அதில் மூன்றில் ஒரு பங்கு. வகுக்கும் எண் எப்போதும் முழு எண்.

1982-ல் சூயி, ஸ்டோர்மர், கோசார்ட் மூவரும் புலத்தை 15 டெஸ்லா அளவுக்கு ஏற்றினார்கள். வகுக்கும் எண்ணே 1/3 என்ற பின்னமாக இருக்கும் ஒரு படி தெரிந்தது.

"அதெப்படீங் சித்தப்பா, எலெக்ட்ரானைக் கூறு போட முடியுமா?"

"கூறு போடலை கண்ணு. அத்தனை வலுவான புலத்தில் எல்லா எலெக்ட்ரானுக்கும் சுற்றும் ஆற்றல் ஒன்றாகிவிடும். ஒன்றையொன்று தள்ளுவது மட்டுந்தான் மிச்சம். அந்த நெரிசலில் கூட்டமே புது ஒழுங்குக்கு வந்துவிடுகிறது."

1/3-ஐ 1983-ல் லாஃப்லின் விளக்கினார். ஆனால் 2/5, 3/7 என்று பின்னங்கள் வந்துகொண்டே இருந்தன. 1989-ல் ஜைனேந்திர ஜெயின் எண்ணும் முறையையே மாற்றினார். ராஜஸ்தானின் சாம்பர் ஊர்க்காரர். சிறு வயதில் விபத்தில் காலை இழந்து ஜெய்ப்பூர் செயற்கைக் காலில் நடந்தவர்.

கடைக்கு எதிரே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களைக் காட்டினேன். முதுகில் பை இல்லாமல் அவர்களில் ஒருவரும் இல்லை. ஆளையும் பையையும் சேர்த்து ஓர் உருப்படியாக எண்ணலாம். அப்படியே ஒவ்வொரு எலெக்ட்ரானும் காந்தப் பாயத்தில் 2 துணுக்குகளைத் தன்னோடு கட்டிக்கொள்கிறது என்றார் ஜெயின். 1/3 என்றால் ஓர் எலெக்ட்ரானுக்கு 3 துணுக்கு. இரண்டைக் கட்டிக்கொண்டால் மிச்சம் 1; பழைய முழு எண் கணக்கு திரும்பிவிடுகிறது! 2/5-ல் 2 எலெக்ட்ரானுக்கு 5 துணுக்கு; 4 போக மிச்சம் 1. ஒரு துணுக்குக்கு இரண்டு உருப்படி, ஆகவே 2. சரிபாதியில் மிச்சமே இல்லை. அத்தனை பெரிய காந்தத்துக்குள் இருந்தும், காந்தமே இல்லாததுபோல உருப்படிகள் நடமாடுகின்றன. எனக்கு இந்த இடத்தில் இன்றும் மெய் சிலிர்க்கும்.

1998-ல் லாஃப்லின், ஸ்டோர்மர், சூயி மூவருக்கும் நோபல் கிடைத்தது. ஜெயினுக்கு 2025-ல் உல்ஃப் பரிசு.

3/7-ஐ அண்ணன் மகள் கடை பில்லின் பின்னால் போட்டுப் பார்த்துவிட்டாள். நீங்களும் போட்டுப் பாருங்கள்: 3 எலெக்ட்ரான், 7 துணுக்கு.