ஆறு கடந்த பாட்டு

சென்ற வாரம் பார்த்த ‘டென் கனூஸ்’, வெள்ளையர் கால் வைப்பதற்கு முந்தைய ஆஸ்திரேலியாவுக்கு நம்மை அழைத்துப் போனது. இந்த வாரம் 1968-க்கு வருகிறோம். படம் ‘தி சஃபையர்ஸ்’. 2012-இல் கான் திரைப்பட விழாவின் நள்ளிரவுக் காட்சியில் முதலில் திரையிடப்பட்டது. பார்த்தவர்கள் எழுந்து நின்று வெகுநேரம் கைதட்டினார்கள். அடுத்த வருடத் தொடக்கத்தில் ஆஸ்திரேலியத் திரைத்துறையின் ஆக்டா விருதுகளில், சிறந்த படம் உட்பட 11 விருதுகளை அள்ளியது.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் தெற்கு எல்லையில், மர்ரே ஆற்றங்கரையில் கம்மரகஞ்சா என்றொரு பூர்வகுடிக் குடியிருப்பு. அந்த ஊர்ச் சகோதரிகள் பக்கத்து ஊர் மதுக்கடையில் நடக்கும் பாட்டுப் போட்டிக்குப் போகிறார்கள். மேடையில் நின்று அமெரிக்க கன்ட்ரி இசைப் பாடகர் மெர்ல் ஹகார்டின் பாட்டொன்றைப் பாடுகிறார்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்காரக் கூட்டத்தின் முகங்களைக் கவனியுங்கள். யாரும் அடிக்கவில்லை, துரத்தவில்லை. ஆனால் ஒரு கை கூடத் தட்டுவதற்கு உயர மறுக்கிறது. அன்று மேடையில் இருந்தவர்களிலேயே நன்றாகப் பாடியவர்கள் இவர்கள்தான். அது பியானோ வாசிக்கும் குடிகார அயர்லாந்துக்காரன் டேவுக்கு மட்டும்தான் உறைக்கிறது.

அதற்கு முந்தைய ஆண்டு, 1967 மே மாதத்தில், நாட்டின் மக்கள்தொகைக் கணக்கில் பூர்வகுடிகளையும் சேர்க்கலாமா, அவர்களுக்காகச் சட்டமியற்றும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தரலாமா என்று பொது வாக்கெடுப்பு நடந்தது. 90 சதவீதத்துக்கு மேல் ‘ஆம்’ என்று வாக்களித்தார்கள். வாக்குப்பெட்டியில் ‘ஆம்’ போட்ட ஊர்தான் மதுக்கடையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இயக்குநர் வெய்ன் பிளேர் இதை வசனமாக்கவில்லை. அந்த மௌனமே போதும் என்று விட்டுவிட்டார்.

டேவ் அவர்களுக்கு சோல் இசையைக் கற்றுக்கொடுத்து, வியட்நாமில் இருக்கும் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு முன்னால் பாட அழைத்துப் போகிறான். மூத்தவள் கெயிலாக டெபோரா மெயில்மன், முன்னணிப் பாடகி ஜூலியாக ஜெசிகா மௌபாய். கூடவே மிராண்டா டாப்செல்லும் ஷாரி செபன்ஸும். செபன்ஸ் ஏற்ற கே என்ற பாத்திரம்தான் எனக்கு முக்கியம். தோல் வெளுத்திருந்ததால் சிறுவயதிலேயே அரசாங்கம் பறித்துக்கொண்டு போய் வெள்ளைக்காரியாக வளர்த்த பெண் அவள். படம் கலகலப்பாகத்தான் ஓடுகிறது. ஆனால் கெயில் கே-யைப் பார்க்கும் ஒவ்வொரு பார்வையிலும் அந்தத் திருட்டு நினைவுக்கு வருகிறது.

பளபளக்கும் உடையில் அவர்கள் பாடும் சோல் பாடல்களைவிட என் மனதில் தங்கியது வேறொன்று. ஆரவாரம் அடங்கிய ஓரிடத்தில் நால்வரும் தங்கள் யோர்ட்டா யோர்ட்டா மொழியில் ‘பூரா ஃபெரா’ என்ற பக்திப் பாடலைப் பாடுகிறார்கள். இந்தப் பாட்டு வந்த வழி நெடியது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஃபிஸ்க் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு 1871-இல் ஒரு பாடகர் குழு தொடங்கப்பட்டது. அவர்களில் பலர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். அந்த மரபில் வந்த குழு 1880-களில் ஆஸ்திரேலியா வந்தபோது, கம்மரகஞ்சாவுக்கு முன்னோடியான மலோகா என்ற மிஷன் குடியிருப்பிலும் போய்ப் பாடியது. எகிப்து மன்னனின் படையிடமிருந்து அடிமைகள் தப்பி நீரைக் கடந்த கதையைச் சொல்லும் பாட்டு. கேட்டவர்கள் அதைத் தங்கள் மொழியில் பாடத் தொடங்கினார்கள்.

மொழிபெயர்த்தவர்களில் ஒருவராக தாமஸ் ஷாட்ராக் ஜேம்ஸின் பெயர் சொல்லப்படுகிறது. மொரீஷியஸில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்து, மெல்போர்னுக்கு வந்து, இந்த ஆற்றங்கரையில் பள்ளி வாத்தியாரானவர். அங்கேயே யோர்ட்டா யோர்ட்டா பெண்ணை மணந்துகொண்டார். பூர்வகுடி உரிமைக்குக் குரல் கொடுத்த வில்லியம் கூப்பர் அவருடைய மைத்துனர், மாணவரும்கூட. பின்னாளில் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆளுநரான டக் நிக்கல்ஸ் படித்ததும் அவரிடம்தான். கடல் கடந்து வந்த ஒரு மனிதர், கடல் கடந்து வந்த ஒரு பாட்டைத் தன்னைச் சேர்த்துக்கொண்ட மக்களின் மொழியில் உட்காரவைத்தார். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

1939 பிப்ரவரியில் அந்தப் பாட்டின் கதை அங்கேயே நடந்தது. நிர்வாகத்தின் கொடுமை பொறுக்காமல் சுமார் 200 பேர் மூட்டை முடிச்சுகளோடு கம்மரகஞ்சாவை விட்டு வெளியேறி, மர்ரே ஆற்றைக் கடந்து விக்டோரியா மாநிலத்துக்குள் போனார்கள். பலர் திரும்பவேயில்லை. இது படத்தில் கிடையாது. ஆனால் இதைத் தெரிந்துகொண்டு அந்தப் பாட்டை மறுபடி கேட்டுப் பாருங்கள்.

படத்தின் மூலக்கதைக்கும் இதே மண்தான். டோனி பிரிக்ஸ் தன் தாய் லாரல் ராபின்சன் சொன்னவற்றை வைத்து எழுதிய நாடகம் 2004-இல் மெல்போர்னில் மேடையேறியது. அதில் நடித்தவர்களில் வெய்ன் பிளேரும் மெயில்மனும் உண்டு. நிஜத்தில் ‘சஃபையர்ஸ்’ மூவர் குழு: லாரல், பெவர்லி பிரிக்ஸ், நவோமி மேயர்ஸ். மெல்போர்ன் விடுதிகளில் பாடிவந்தார்கள். மாவோரி இசைக்குழு ஒன்றோடு வியட்நாம் போக அழைப்பு வந்தபோது பெவர்லியும் நவோமியும் மறுத்துவிட்டார்கள். காரணம், அந்தப் போரை அவர்கள் எதிர்த்தார்கள். லாரல் தன் சகோதரி லோயிஸ் பீலரைக் கூட்டிக்கொண்டு போனார்.

படத்தில் நால்வரும் போகிறார்கள். பாட்டும் காதலும் குண்டுமழையும் வேண்டும் என்றால் நால்வரும் போகத்தான் வேண்டும், புரிகிறது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட செய்தி முகாமை எட்டும் காட்சியில் படம் போரின் நியாயத்தைத் தொட்டுவிட்டு நகர்கிறது. இருந்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை. சொந்த நாட்டிலேயே மதிக்கப்படாத இளம்பெண்கள், கைக்கு வந்த பணத்தையும் புகழையும் ‘இந்தப் போருக்காகப் பாட மாட்டோம்’ என்று தள்ளிவிட்டிருக்கிறார்கள். அதைவிட நல்ல காட்சி எந்தத் திரைக்கதையாசிரியருக்குக் கிடைக்கும்?

இன்னொரு மறைப்பும் நடந்தது. 2013-இல் அமெரிக்காவில் வெளியான டிவிடி உறையில் டேவாக நடித்த கிரிஸ் ஓ’டவுட் முன்னால் பெரிதாக நின்றார். பெண்கள் நால்வரும் நீல நிறம் பூசப்பட்டுப் பின்னால் போனார்கள். கண்டனம் கிளம்பியது. ஓ’டவுடே அதை வெளிப்படையாக எதிர்த்தார். விநியோகஸ்தர்கள் மன்னிப்புக் கேட்டார்கள்.

வியட்நாம் போகாத நவோமி மேயர்ஸ், சிட்னியின் ரெட்ஃபெர்ன் பகுதியில் பூர்வகுடிகளே நடத்தும் மருத்துவ சேவை அமைப்புக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் தலைமை தாங்கினார். போன லோயிஸ் பீலர், பூர்வகுடி மாணவிகளுக்கான வொராவா கல்லூரியின் தலைவரானார். மறுத்தவர்களின் கதையை யாராவது படமாக எடுத்தால் முதல் காட்சிக்கே போய் உட்காருவேன்.

அடுத்த வாரம், கே-யைப் போலப் பறிக்கப்பட்டு, தப்பித்து வீட்டை நோக்கி நடக்கத் தொடங்கிய மூன்று சிறுமிகள்: ‘ராபிட் ப்ரூஃப் ஃபென்ஸ்’.

(தொடரும்)