ஒரு குரலும் ஒரு கித்தாரும்

1994ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில் அமெரிக்காவில் இசைத்தட்டொன்று வெளிவந்தது. அதன் உறையிலே நீண்ட கரிய அங்கி அணிந்த முதியவர் ஒருவர் நிற்கிறார். அவரருகே இரண்டு நாய்கள். மேலே, பெரிய எழுத்தில், 'காஷ்' என்னும் ஒற்றைச் சொல். பாடகர் ஜோனி காஷ் என்பவருக்கு அப்பொழுது வயது அறுபத்திரண்டு. அவருடைய பெயருக்கு ஆங்கிலத்தில் காசு என்று பொருள். ஆனால், இவரால் இனிக் காசு வராது என்று கணக்கிட்டே, பெரிய இசைத்தட்டுக் கம்பனிகள் அவரைக் கைவிட்டிருந்தன. உள்ளே பதின்மூன்று பாடல்கள். அவற்றுக்குத் துணையாக நின்றது அவரே மீட்டிய கித்தார் ஒன்றுதான். வேறு வாத்தியமோ பின்பாட்டோ கிடையாது.

இதில் புதுமை என்ன என்று வினவலாம். ஒருவன் தன் வாத்தியத்தைத் தானே மீட்டிப் பாடுவது உலகத்து வழமைதானே. அதனைப் புதுமையென்று கொள்ளுமளவுக்கு அவ்விசை தன் பிறப்பிடத்தை விட்டு நெடுந்தூரம் போயிருந்தது என்பதே விடை.

'கன்ட்ரி' எனப்படும் இவ்விசை அமெரிக்காவின் தென்மாநிலங்களில் விளைந்தது. இங்கிலாந்து, ஸ்கொத்லாந்து, அயர்லாந்து ஆகிய நாடுகளிலிருந்து குடியேறியோர் தம்மோடு கொண்டுவந்த கதைப்பாடல்களும், தேவாலயக் கீதங்களும், அடிமைகளாக்கப்பட்ட ஆபிரிக்க மக்களின் பாடல்களும் அங்கே ஒன்றோடொன்று கலந்தன. பாஞ்சோ என்னும் நரம்புக் கருவியே ஆபிரிக்க மக்கள் தந்த கொடைதான். 1927இல் டெனசி, வேர்ஜினியா மாநிலங்களின் எல்லையிலுள்ள பிறிஸ்டல் என்னும் ஊரிலே றல்ப் பியர் என்பவர் ஒலிப்பதிவுக் கருவியுடன் வந்து தங்கினார். கார்ட்டர் குடும்பத்தினரும் ஜிம்மி றோஜர்ஸ் என்பவரும் அங்கே பாடிப் பதிந்தவற்றிலிருந்தே இவ்விசை ஒரு வணிகமாக வளர்ந்தது எனலாம். காலப்போக்கில் அவ்வணிகத்துக்கு நாஷ்வில் நகரம் தலைநகராயிற்று. 1950களின் பிற்பகுதி தொடங்கி, நகரத்துச் செவிகளையும் ஈர்க்கவேண்டி, வயலின் கூட்டங்களும் பாடகர் குழுக்களும் சேர்க்கப்பட்டன. குரல் மெருகேறியது, மண்வாசனை குறைந்தது.

ஜோனி காஷ் அந்த மண்ணிலே பிறந்தவர். 1932இல் ஆர்க்கன்சா மாநிலத்திலே ஏழைப் பெற்றோருக்குப் பிறந்தார். பெரும் பொருளாதார மந்தத்தின்போது நொடித்த குடியானவர்களுக்கென அரசாங்கம் அமைத்த டயஸ் குடியேற்றத்தில், 1935இல் அவருடைய குடும்பத்துக்கும் ஒரு வீடும் நிலமும் கிடைத்தன. பிள்ளைகள் பருத்திக் காட்டில் வேலை செய்தனர். பாட்டே அவர்களுக்குப் பொழுதுபோக்கு. 1944இல் அவருடைய தமையன் ஜாக், மரம் அறுக்கும் சுழல்வாளில் காயமுற்று இறந்தான். அப்பொழுது காஷுக்குப் பன்னிரண்டு வயது. அந்த இழப்பு அவரை இறுதிவரை விட்டு நீங்கவில்லை.

விமானப்படையில் சேர்ந்து ஜேர்மனியில் பணிபுரிந்த காலத்தில் மலிவான கித்தார் ஒன்றை வாங்கினார். 1955இல் மெம்பிஸ் நகரத்து 'சன்' கம்பனி அவருடைய முதல் இசைத்தட்டை வெளியிட்டது. உடன் இருந்தவர்கள் இருவரே: ஒருவர் மின்கித்தார், மற்றவர் பெருநரம்புக் கருவி. மேளம் அடிக்க ஆளில்லாமையால், கித்தார் நரம்புகளினிடையே ஒரு கடதாசியைச் செருகி, அந்தச் சரசரப்பையே தாளமாக்கினார் காஷ். வறுமையிற் பிறந்த இந்த உபாயமே பின்னர் அவருடைய தனி முத்திரையாயிற்று.

அதன்பின் வந்த புகழை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1968இல் கலிபோர்னியாவின் போல்சம் சிறையிலே கைதிகள் முன்னிலையில் பாடிப் பதிந்த தட்டு உலகெங்கும் ஒலித்தது. போதைமாத்திரைப் பழக்கம் அவரைப் பலமுறை வீழ்த்தியது, பலமுறை எழுந்தார். 1976க்குப் பின் அவருடைய தனிப்பாடல் எதுவும் விற்பனைப் பட்டியலின் முதலிடத்தை எட்டவில்லை. 1980இல் 'கன்ட்ரி' இசையின் புகழ் மண்டபத்தில் அவருடைய பெயர் பொறிக்கப்பட்டது. இத்தகைய மண்டபங்களுக்கு ஒரு குணம் உண்டு: உள்ளே வைக்கப்பட்டவரை வெளியே எவரும் தேடுவதில்லை. 1984இல், கோழியொன்றைப் பற்றிய ஒரு கேலிப்பாட்டைக்கூட அவர் பாட நேர்ந்தது. 1986இல் கொலம்பியா கம்பனி, இருபத்தெட்டு ஆண்டு உறவை முறித்துக்கொண்டது.

இந்நிலையில், 1993இல், அவரைத் தேடி வந்தவர் றிக் றூபின். நீண்ட தாடியுடைய இளைஞர். நியூயோர்க் பல்கலைக்கழக விடுதியறையிலிருந்து 'றப்' இசைத்தட்டுக்களை வெளியிடத் தொடங்கியவர். பேரோசை நிறைந்த 'ரொக்' குழுக்களின் தட்டுக்களைத் தயாரித்தவர். அவருக்கும் பருத்திக் காட்டுப் பாடகருக்கும் என்ன உறவு என்று பலரும் வியந்தனர். றூபின் செய்தது எளிய காரியம். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தம் வீட்டுக் கூடத்தில் அவரை அமர்த்தி, அவர் விரும்பிய பாடல்களையெல்லாம் பாடச் சொன்னார். பழங்கீதங்கள், கௌபோய் பாட்டுக்கள், தாமே எழுதியவை எனப் பலவற்றைக் காஷ் பாடினார். டெனசியிலுள்ள அவருடைய மரவீட்டிலும் சில பாடல்கள் பதியப்பட்டன. வாத்தியக்காரரைச் சேர்த்துப் பார்க்கும் முயற்சியும் நடந்தது. ஆனால் எதைச் சேர்த்தபோதும் பாட்டு குறைந்ததேயன்றிக் கூடவில்லை. இறுதியில் குரலையும் கித்தாரையும் மட்டுமே வெளியிடத் துணிந்தனர்.

நம் கச்சேரி மேடையில் மிருதங்கமும் வயலினும் பாடகனைத் தாங்குகின்றன. அவன் மூச்சு வாங்கும் இடத்தை அவை நிரப்புகின்றன. சுருதி சற்றுப் பிசகினாலும் பொறுத்துக்கொள்கின்றன. மேலைநாட்டு ஒலிப்பதிவுக்கூடத்திலோ இந்தத் தாங்கல் பன்மடங்காகும். அதனை நீக்கிவிட்டால் எஞ்சுவது யாது? காஷின் குரல் கீழ்ஸ்தாயியில் ஒலிப்பது. இளமையிலும் அது இனிமைக்குப் பேர்போனதன்று. அறுபது கடந்தபின் அதில் வெடிப்பும் நடுக்கமும் தோன்றின. இத்தட்டில் அவை மறைக்கப்படவில்லை. உதடு பிரியும் ஓசையும், பெருவிரல் நரம்பிற் பட்டு விலகும் ஓசையும் கேட்கின்றன. பாடகர் அடுத்த நாற்காலியில் அமர்ந்திருப்பதுபோன்ற நெருக்கம் உண்டாகிறது. சொல்லுக்கு முன்னில்லாத பாரம் ஏறுகிறது.

இந்த நெருக்கத்தின் இன்பத்தையும் அச்சத்தையும் ஒருங்கே காட்டுவது முதற்பாடல். 1900ஆம் ஆண்டு நத்தாருக்கு முந்திய நாளிரவு ஜோர்ஜியா மாநிலத்துச் சவானா நகரிலே டீலியா கிறீன் என்னும் பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுமி சுட்டுக்கொல்லப்பட்டாள். அக்கொலை பல வாய்களில் பாட்டாகி ஊரூராய்த் திரிந்தது. காஷ் அதனை 1962இலேயே ஒருமுறை பதிவுசெய்திருந்தார். அப்பொழுது உடன் ஒலித்த வாத்தியங்கள் கேட்பவருக்குச் சற்று ஒதுங்கி நிற்க இடந்தந்தன. 1994இன் பாடத்திலோ கொலைகாரன் தன் வாயாலேயே கதை சொல்கிறான். அவனோடு நாம் ஓரறையில் தனித்து விடப்படுகிறோம். இறந்தவள் ஒரு சிறுமி என்பதைப் பாடல் எங்கும் உரைப்பதில்லை. இதனை எண்ணி மனங்கசந்தவர்கள் உண்டு, அக்கசப்பு நியாயமானதே. கொலையைப் பாடும் வழக்காறு பழையது என்பதனால் மட்டும் அதனைத் தள்ளிவிட முடியாது.

இதே தட்டில் தேவனிடம் இரங்கி நிற்கும் பாடல்களும் உள்ளன. கொலைஞரும் துரோகிகளுங்கூட இரட்சிப்பைத் தேடிப் புகையிரதப் பாதையருகே கூடும் பாடலொன்றை எழுதியவர் ரொம் வெயிற்ஸ். வியட்நாம் போரிலிருந்து மீண்ட போர்வீரனைப் பற்றியது ஒன்று. வாழ்க்கை என்னும் போரிலிருந்து உயிர்தப்பியவன் திரும்பிப் பார்ப்பது மற்றொன்று. இவ்விரண்டும் காஷே எழுதியவை. கொலைப்பாட்டும் கீதமும் அருகருகே இருப்பது புறத்தாருக்கு முரணாகத் தோன்றலாம். கார்ட்டர் குடும்பத்தினரும் இவ்வாறே இரண்டையும் பாடினர். அக்குடும்பத்து மேபெல் கார்ட்டரின் மகள் ஜூன் என்பவரே காஷின் மனைவி.

குறையும் உண்டு. இரண்டு பாடல்கள் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துச் சிறிய இரவு விடுதியொன்றில் மக்கள் முன் பாடிப் பதியப்பட்டவை. தனியே மேடையேறும் வழக்கமில்லாத காஷ் அன்று துணிந்து ஏறினார். ஆயினும் அங்கே எழும் ஆரவாரமும் சிரிப்பும், ஏனைய பாடல்கள் கட்டியெழுப்பிய அமைதியைக் கலைத்துவிடுகின்றன. இறுதிப்பாடலை வீட்டுக் கூடத்திலேயே பதிந்திருக்கலாம்.

'கன்ட்ரி' வானொலி நிலையங்கள் இத்தட்டைப் பெரும்பாலும் ஒலிபரப்பவில்லை. பேரப்பிள்ளைகளின் வயதுடைய 'ரொக்' இரசிகர்கள் வாங்கிக் கேட்டனர். 1995இல் இதற்குக் கிடைத்த கிரமி விருதும் 'கன்ட்ரி' பிரிவிலன்று, நாட்டார் இசைப் பிரிவிலேயே கிடைத்தது. வணிகம் வெளியே நிறுத்தியவரை வேறொரு வாயில் வழியாக அழைத்துவந்தது போலாயிற்று. றூபினோடு அவர் தொடர்ந்து பணியாற்றினார். 1997 முதல் நரம்பு நோய் வாட்டியது. 2003 மே மாதத்தில் ஜூன் இறந்தார். கண்பார்வை மங்கி, சக்கரநாற்காலியில் இருந்தபடியே, தாம் இறப்பதற்குச் சில வாரங்கள் முன்வரை காஷ் பாடிக்கொண்டிருந்தார். 2003 செப்டெம்பர் 12ஆம் நாள் அவர் காலமானார்.

அவருடைய மறைவுக்குப் பின் 2006இல் வெளிவந்த தட்டில், அவர் கடைசியாக எழுதியதாகக் கூறப்படும் பாடல் உள்ளது. தம் சவப்பெட்டியை ஏற்றிச்செல்லும் புகையிரதத்தைப் பற்றியது அது. 1955இல் வெளிவந்த முதல் தட்டின் ஒரு பக்கத்திலும் புகையிரதப் பாட்டே இருந்தது; அதிலே ஒருவன் டெனசியிலுள்ள தன் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறான்.