திறந்த வீட்டுக்குக் காவல் யார்?

கல்லூரி நூலகங்களில் பைண்டு செய்த பழைய ஆய்விதழ்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நூலகம் சந்தா கட்டுவதை எப்போதோ நிறுத்தியிருக்கும். இதழை நடத்தியவர்களே கடையைக் கட்டியிருக்கலாம். ஆனாலும் 1974-ஆம் ஆண்டுத் தொகுதி தூசியோடு அலமாரியில் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய காகிதம். அதை யாரும் வந்து பிடுங்கிக்கொண்டு போக முடியாது.

இதழ்கள் இணையத்துக்குக் குடிபோனதும் இந்தக் கணக்கு மாறியது. இப்போது நூலகம் வாங்குவது பெரும்பாலும் பதிப்பகத்தின் சர்வரை எட்டிப் பார்க்கும் உரிமையை மட்டும்தான். சொந்த வீட்டுக்காரர் வாடகைக்குப் போன கதை. 2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம், மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் செலவில் சுமார் 13,000 இதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடுகிறது. நல்ல காரியம்தான். ஆனால் சந்தா என்றாலே அதற்கொரு கெடு உண்டு.

யாரும் காசில்லாமல் படிக்கலாம் என்கிற ‘திறந்த அணுக்க’ இதழ்களுக்கு இந்தத் தொல்லை இல்லையே என்று தோன்றும். அங்கேதான் நிலைமை இன்னும் மோசம். மிக்கேல் லாக்ஸோ, லிசா மத்தியாஸ், நய்க்கோ யான் என்ற மூன்று ஆய்வாளர்கள் தேடிப் பார்த்ததில், 2000 முதல் 2019 வரை 174 திறந்த அணுக்க இதழ்கள் இணையத்திலிருந்தே காணாமல் போயிருந்தன. சதி ஒன்றும் இல்லை. இப்படிப்பட்ட இதழ்களைப் பல இடங்களில் ஒரு பல்கலைக்கழகத் துறையோ சிறு ஆய்வுச் சங்கமோ நடத்துகிறது. பேராசிரியர் ஓய்வு பெறுவார். டொமைனைப் புதுப்பிக்க யாருக்கும் நினைவிருக்காது. பழைய சர்வரைக் கழற்றிவிடுவார்கள். பணம் கட்டியவர் என்று யாரும் இல்லாததால், ‘எங்கே என் இதழ்?’ என்று கேட்கவும் ஆளில்லை.

இதற்கு ஒரு வழியை 1999-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகத்தில் தொடங்கினார்கள் விக்கி ரைக், டேவிட் ரோசென்தால் தம்பதி. பெயர் லாக்ஸ். நிறையப் பிரதி இருந்தால் பொருள் பிழைக்கும் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. ஒவ்வொரு நூலகமும் ஒரு சாதாரணக் கணினியை வைத்து, பதிப்பகத்தின் அனுமதியோடு இதழின் பிரதியைத் தானே சேமித்துக்கொள்ளும்.

சேமிப்பது எளிது. சேமித்தது கெடாமல் இருக்கிறதா என்று அறிவதுதான் கடினம். ஹார்டு டிஸ்க் சத்தமில்லாமல் பழுதாகும். ஒரு எழுத்து மாறிப்போனாலும் பல வருடம் கழித்தே தெரியும். அதனால் லாக்ஸ் பெட்டிகள் அவ்வப்போது தங்களுக்குள் வாக்கெடுப்பு நடத்துகின்றன. கேட்கும் பெட்டி ஏதோ ஒரு எண்ணை அனுப்பி, ‘உன்னிடமுள்ள கட்டுரையோடு இதைச் சேர்த்துக் கணக்குப் போட்டு விடை சொல்’ என்கிறது. கட்டுரையில் ஒரு புள்ளி மாறியிருந்தாலும் விடை அடியோடு மாறிவிடும். ஒவ்வொரு முறையும் எண் புதிது என்பதால், பழைய விடையை ஒப்பித்துத் தப்பிக்க முடியாது. கட்டுரை கையில் இருந்தே ஆக வேண்டும். பெரும்பான்மையோடு ஒத்துப்போகாத பெட்டி, நல்ல பிரதியை வாங்கித் தன்னைத் திருத்திக்கொள்ளும். சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் பார்த்த நம் பதிப்பாசிரியர்களுக்கு இந்த வேலை உடனே புரிந்திருக்கும். எனக்குப் பிடித்த அம்சம் இன்னொன்று: இவ்வளவையும் வேண்டுமென்றே ஆமை வேகத்தில் செய்கிறார்கள். விஷமி ஒருவர் உள்ளே புகுந்தாலும் ஒரே ராத்திரியில் எல்லாப் பிரதிகளையும் கெடுக்க முடியாது.

இதன் உடன்பிறப்பான க்ளாக்ஸ், ஸ்டான்ஃபோர்டு, எடின்பரோ, டோக்கியோ, ஹாங்காங் என உலகின் 12 இடங்களில் பிரதிகளைப் பூட்டி வைக்கிறது. இதழ் வேறெங்கும் கிடைக்காமல் போனால் மட்டுமே பூட்டு திறக்கும். திறந்தபின் எல்லோருக்கும் இலவசம். அப்படி முதலில் வெளிவந்தது, சேஜ் பதிப்பகம் நிறுத்திவிட்ட ‘கிராஃப்ட்’ என்ற உறுப்பு மாற்று மருத்துவ இதழ். காசுக்கு விற்ற இதழ் செத்தபின் திறந்த அணுக்கத்துக்கு வந்தது வேடிக்கைதான்.

இந்த வலைக்குள் வராதவை ஏராளம். லண்டன் பல்கலைக்கழகத்தின் பிர்க்பெக் கல்லூரியைச் சேர்ந்த மார்ட்டின் ஈவ், டி.ஓ.ஐ. என்ற நிரந்தர முகவரி எண் பெற்ற சுமார் 74 லட்சம் ஆய்வு வெளியீடுகளைச் சோதித்து 2024-இல் முடிவை வெளியிட்டார். ஏறத்தாழ 28 சதவீதம், அதாவது 20 லட்சத்துக்கு மேல், பெரிய காப்பகங்கள் எதிலும் தென்படவில்லை. முகவரி நிரந்தரம், வீடு அப்படியல்ல.

சிறு இதழ்களுக்கும் வழி இருக்கிறது. ஓ.ஜே.எஸ். என்ற இலவச மென்பொருளில் நடக்கும் இதழ்கள், அதை உருவாக்கிய பி.கே.பி. அமைப்பின் காப்பு வலையில் காசில்லாமல் சேரலாம். அதுவும் லாக்ஸ் முறைதான். கட்டுரை அனுப்பும் ஆய்வாளர்கள் இதழின் தரப்புள்ளியையும் கட்டணத்தையும் விசாரிக்கிறார்கள். பிரதி எங்கே இருக்கும் என்று கேட்பவர்கள் குறைவு. ஐ.எஸ்.எஸ்.என். சர்வதேச மையம் நடத்தும் கீப்பர்ஸ் பதிவேட்டில், இதழின் எட்டு இலக்க எண்ணைத் தட்டினால், எந்தக் காப்பகத்தில் எந்தத் தொகுதி வரை இருக்கிறது என்று காட்டும். சில இதழ்களுக்கு அந்த இடம் காலியாகத்தான் வரும்.