நதிமூலமும் நாய்மூலமும்

நதிமூலம் ரிஷிமூலம் ஆராயலாகாது என்பது நம் முன்னோர் வாக்கு. ஆற்றிலே நமக்கு வேண்டுவது நீர். முனிவரிடத்திலே வேண்டுவது ஞானம். அவை பிறந்த இடத்தைத் துருவித் துருவி ஆராய்வதால் வரும் பயன் யாதுமில்லை என்பது அவ்வாக்கின் கருத்து. ஆனால், மூலத்தையே முதன்மையாக வைத்து விலைபேசும் வாணிபம் ஒன்று மேனாடுகளிலே நூறாண்டுகளுக்கு மேலாக நடைபெற்று வருகின்றது. நம்மவர் பேச்சு வழக்கிலே ‘சாதிநாய்’ எனப்படும், குலவழி பதிவு செய்யப்பட்ட நாய்க்குட்டிகளின் வாணிபமே அது.

அங்கே குட்டியோடு பத்திரமொன்றும் கைமாறுகின்றது. தாய் தந்தையர், பாட்டன் பாட்டியர், பூட்டன் பூட்டியர் எனத் தலைமுறை தலைமுறையாகப் பெயர்கள் அதிலே அணிவகுத்து நிற்கும். மாட்டை வாங்கும் நம் கமக்காரர் பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், நடக்கவிட்டும் பார்ப்பார். குட்டியை வாங்குபவரோ பெரும்பாலும் பத்திரத்தைப் பார்த்துவிட்டு, குட்டியின் கண்ணைப் பார்த்து மயங்கிவிடுகின்றார். அப்பத்திரம் எதைச் சொல்கின்றது, எதைச் சொல்லாது விடுகின்றது என்பதை ஆராய்வோர் சிலரே. ஆராயாமையின் விலையை வாங்கியவர் பணத்தாலே கொடுக்கின்றார். வாய்பேசா அவ்வுயிரோ தன் ஆயுள் முழுவதும் நோயாலே கொடுக்கின்றது.

கொக்கின் கால்

குலவழிப் பத்திரத்துக்கு ஆங்கிலத்திலே ‘பெடிகிரி’ என்பது பெயர். ‘கொக்கின் கால்’ எனப் பொருள்படும் பழைய பிரெஞ்சுத் தொடரிலிருந்து பிறந்த சொல் அது. பிரபுக்களின் வமிசாவளி ஏடுகளிலே, பெற்றோரிலிருந்து மக்களுக்குக் கிளைத்துச் செல்லும் கோடுகள் கொக்கு மிதித்த தடத்தைப் போலத் தோன்றின. முதலில் மனிதரின் குலப்பெருமைக்கு எழுந்த இவ்வழக்கம் பின்னர் பந்தயக் குதிரைகளைச் சார்ந்தது. குதிரைகளுக்கான பொது இனப்பதிவேடு 1791 இல் இங்கிலாந்திலே வெளிவந்தது. நாயின் முறை அதற்குப் பின்னரே வந்தது.

1859 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலே, பொயின்டர், செட்டர் என்னும் இருவகை வேட்டை நாய்களுக்கென ஒரு கண்காட்சி நடைபெற்றது. அதன்பின் கண்காட்சிகள் பெருகின. அவற்றோடு குழப்பமும் பெருகியது. ஒரே பெயரிலே பல நாய்கள் உலாவின. எது எதன் வழித்தோன்றல் என்று துணிந்து கூறுவாரில்லை. இக்குழப்பத்தைத் தீர்க்கும் பொருட்டே, பாராளுமன்ற உறுப்பினரான செவாலிஸ் ஷேர்லி என்பாரின் முயற்சியால் 1873 இல் இலண்டனிலே ‘கெனல் கிளப்’ என்னும் கழகம் தோன்றியது. மறு ஆண்டே அதன் முதல் இனப்பதிவேடும் வெளியாயிற்று.

ஜேர்மனியின் வரலாறும் இதனோடு வைத்து எண்ணத்தக்கது. மாக்ஸ் வொன் ஸ்டெபானிட்ஸ் என்னும் படை அதிகாரி, 1899 இல் கண்காட்சியொன்றிலே மேய்ப்பு நாயொன்றைக் கண்டு, அதன் உறுதியையும் அறிவையும் வியந்து விலைக்கு வாங்கினார். அதற்கு ஹோரண்ட் எனப் பெயரிட்டு, தாம் தோற்றுவித்த சங்கத்தின் பதிவேட்டில் முதலாம் இலக்கத்தை அதற்கு வழங்கினார். நம்மவர் ‘அல்சேஷன்’ என வழங்கும் நாயினம் அதன் வழி வந்ததே. அழகினும் தொழிற்றிறமே நாய்க்கு இன்றியமையாதது என்பது அவர் கொள்கை.

எனவே, பதிவேட்டின் தொடக்க நோக்கம் நேர்மையானது. இன்ன நாய் இன்னதன் பிள்ளை என்று அது சான்று கூறியது. இன்ன நாய் நலமுடையது என்று அது அன்றும் கூறவில்லை, இன்றும் கூறுவதில்லை.

பத்திரத்தை வாசிக்கும் முறை

ஐந்து தலைமுறைப் பத்திரமொன்றிலே பெற்றோர் 2, அடுத்து 4, பின் 8, 16, 32 என மொத்தம் 62 முன்னோர்க்கு இடமுண்டு. பெயர்களின் முன் நிற்கும் வெற்றிப் பட்டங்களை எண்ணிப் பெருமிதம் கொள்வது வாங்குவோர் இயல்பு. அறிந்தவர் எண்ணுவது வேறு. அந்த 62 இடங்களிலே ஒரே பெயர் எத்தனை முறை திரும்ப வருகின்றது என்பதையே அவர் தேடுவார். திரும்ப வரும் ஒவ்வொரு பெயரும் நெருங்கிய உறவினுள்ளே கலப்பு நடந்தமைக்கு அறிகுறியாகும்.

உடன்பிறந்த இரண்டைக் கலந்தால், அல்லது பெற்றதையும் பிறந்ததையும் கலந்தால், பிறக்கும் குட்டியின் அகக்கலப்பு அளவு நூற்றுக்கு 25; ஒருவழி உடன்பிறப்புக்களாயின் 12.5, உடன்பிறந்தாரின் மக்களாயின் 6.25. இவ்வளவு உயர உயர, தாய்வழியும் தந்தைவழியும் ஒரே பரம்பரையலகு வந்து சேர்தல் எளிதாகின்றது. ஒன்று மட்டும் இருக்கும்போது பின்னிடைந்து மறைந்து கிடக்கும் குற்றம், இரண்டு கூடியவுடன் நோயாக வெளிப்படுகின்றது.

இது வெறுங் கணக்கன்று. இலண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர் பத்து இனங்களின் பதிவுகளை ஆராய்ந்து 2008 இல் முடிவுகளை வெளியிட்டனர். நாய்களின் தொகை ஆயிரக்கணக்காக இருந்தும், இரண்டு இனங்கள் தவிர்ந்த ஏனையவை, அகக்கலப்பைக் கொண்டு மதிப்பிடும்போது, 40 முதல் 80 வரையான நாய்களைக் கொண்ட சிறு கூட்டங்களுக்கே சமமானவை என அவர்கள் கண்டனர். அதே ஆண்டு பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஒளிபரப்பிய விவரணப்படமொன்று சாதிநாய்களின் நோய்களை மக்கள் முன் வைத்தது. எழுந்த கண்டனத்தின் நடுவே, பெற்றோர் பிள்ளைக் கலப்பினாலும் உடன்பிறப்புக் கலப்பினாலும் வரும் குட்டிகளைப் பதியாதுவிடக் கெனல் கிளப் 2009 இல் விதி செய்தது.

‘பதிவு பெற்றவர்’ என்னும் சொல்லும் ஆராய்ந்து கொள்ளத்தக்கது. குட்டியின் பெயர் கழகத்தின் ஏட்டிலே பதியப்பட்டிருத்தல் ஒன்று. இனவிருத்தியாளர் உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதிப்பத்திரம் பெற்றிருத்தல் வேறொன்று. இங்கிலாந்திலே 2018 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, பன்னிரண்டு மாதத்துள் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஈற்றுக் குட்டிகளைப் பெறுவித்து விற்பவரும், அதனையே வாணிபமாக நடத்துபவரும் அனுமதி பெறல் வேண்டும். கழகத்தின் பதிவோ பெரும்பாலும் இனவிருத்தியாளர் தாமே அளிக்கும் கூற்றை ஆதாரமாகக் கொண்டது. ஆகவே, பத்திரம் உண்டா என்று கேட்டு அமைதல் போதாது.

புள்ளிநாயின் வழக்கு

குலத்தூய்மைக்கும் நலத்துக்கும் நேர்ந்த பிணக்கை டல்மேசியன் என்னும் புள்ளிநாயின் வரலாறு போல விளக்குவது வேறில்லை. வெண்ணிற உடலிலே கரும்புள்ளி சிதறிய அழகிய இனம் அது. ஆனால், அவ்வினத்து நாய்கள் அனைத்தின் உடலிலும் ஒரு குறை குடிகொண்டிருந்தது. ஏனைய நாய்கள் உடலினுள்ளேயே மாற்றிவிடும் யூரிக்கமிலத்தை, இவை சிறுநீரிலே மிகுதியாகக் கழித்தன. அதனால் சிறுநீர்ப்பையிலே கல் உண்டாகும். ஆண்நாயின் குறுகிய வழியிலே அக்கல் அடைத்து உயிருக்கே இடராகும். இனம் முழுவதிலும் அக்குறை இருந்தமையால், டல்மேசியனோடு டல்மேசியனைக் கலந்து அதனை நீக்குதல் இயலாததாயிற்று.

அமெரிக்கப் பரம்பரையியல் அறிஞர் ரொபேட் ஷைபிள் 1973 இல் ஒரு துணிவான வழியை மேற்கொண்டார். டல்மேசியனைப் பொயின்டர் ஒன்றோடு ஒரேயொரு முறை கலந்து, பிறந்தவற்றுள் குறையற்றவற்றைத் தேர்ந்து, மீண்டும் மீண்டும் டல்மேசியன்களோடே சேர்த்து வந்தார். ஒவ்வொரு தலைமுறையிலும் பொயின்டரின் பங்கு பாதியாகக் குறையும். பத்து முறை மீள்கலப்புச் செய்தபின் அது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகிவிடும். புள்ளி உண்டு, வடிவு உண்டு, நோய் மட்டும் இல்லை.

1981 இல் அமெரிக்கக் கெனல் கிளப் அவ்வழி வந்த இரு நாய்களைப் பதிந்தது. உடனே இனத்தைப் பேணுவோரிடையே எதிர்ப்பு எழுந்தது, பதிவு நின்றது. இரத்தம் கலந்துவிட்டது என்பதே வாதம். நோய்க்குக் காரணமான பரம்பரையலகு எது என்பதை 2008 இல் ஆய்வாளர் கண்டறிந்து வெளியிட்ட பின்னர், குறையற்ற நாய் எது என்று ஐயமின்றிச் சோதித்தறிதல் கைகூடியது. 2011 இலே அமெரிக்கக் கழகம் அந்நாய்களை ஏற்றுக்கொண்டது. முதற் பதிவுக்கும் இதற்கும் இடையே முப்பது ஆண்டுகள். அம்முப்பது ஆண்டிலும் கல்லடைத்து வருந்திய நாய்களுக்குத் தம் குலத்தூய்மையினால் வந்த நன்மை யாது?

இந்நிலை டல்மேசியனோடு முடிவதன்று. தட்டை முகமே அழகு எனப் பல தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பக், புல்டோக் முதலிய இனங்களிலே மூச்சுவிடுதலே பாடாகிவிட்ட நாய்கள் உண்டு. அவற்றின் மூச்சின் நிலையைச் சோதித்து 0 முதல் 3 வரை தரமிடும் முறையொன்றைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் கெனல் கிளப்பும் 2019 இல் தொடங்கின. நோர்வேயின் உச்ச நீதிமன்றம் 2023 இல், இதயநோயும் மூளை சார்ந்த நோயும் மலிந்த கவலியர் இன நாய்களைத் தம்முள்ளேயே கலந்து பெருக்குதல் அந்நாட்டு விலங்கு நலச் சட்டத்துக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது.

தாயைத் தண்ணீர்த்துறையில்

தாயைத் தண்ணீர்த்துறையில் பார்த்தால் மகளை வீட்டில் பார்க்க வேண்டியதில்லை என்பர். பெண்பார்க்கும் படலத்திலே பிறந்த இப்பழமொழி, நாய்க்குட்டி வாங்குவதற்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும். குட்டியைச் சோதித்து அறியக்கூடியவை சில. தாயைப் பார்த்து அறியக்கூடியவை பல.

இடுப்பு மூட்டு நோயை எடுத்துக்கொள்வோம். லப்ரடோர், அல்சேஷன் போன்ற பெரிய இனங்களிலே இது மிகுதி. எக்ஸ் கதிர்ப் படம் எடுத்து ஒவ்வோர் இடுப்புக்கும் 0 முதல் 53 வரை, இரண்டுக்குமாக 106 வரை புள்ளியிடும் வழக்கம் பிரித்தானியாவிலே உண்டு. புள்ளி குறையக் குறைய நலம். ஆனால், ஒரு வயது நிரம்பாத நாய்க்கு இச்சோதனை செய்யப்படுவதில்லை. எனவே எட்டு வாரக் குட்டியின் இடுப்பை அறிய வேண்டின், பெற்றோர் இருவரின் புள்ளிகளையுமே கேட்டல் வேண்டும். பரம்பரையலகுச் சோதனைகளும் அத்தகையனவே. நோய் வெளிப்படாது அதன் காரணத்தை மட்டும் சுமக்கும் ‘காவிகள்’ இரண்டு கலந்தால், பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வருவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. இச்சான்றுகளை மறைப்பின்றி எடுத்து வைப்பவரே நல்ல இனவிருத்தியாளர்.

உடல் மட்டுமன்றிக் குணமும் அங்கேயே உருவாகின்றது. ஸ்கொட், ஃபுல்லர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் நெடுங்காலம் ஆய்ந்து 1965 இல் வெளியிட்ட நூலிலே, மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையான பருவமே நாய் மனிதரோடு உறவு பழகும் பருவம் என்று காட்டினர். அப்பருவத்தின் முற்பகுதி கழிவது இனவிருத்தியாளரின் இல்லத்திலேயே. வீட்டின் ஓசையும் குழந்தையின் கையும் அறிந்து வளர்ந்த குட்டி வேறு. இருட்டுக் கொட்டிலிலே கிடந்த குட்டி வேறு.

கொட்டிலின் கொடுமைக்குச் சான்றாக லூசி என்னும் நாயின் பெயர் இன்று சட்டத்திலே நிலைத்துவிட்டது. வேல்சிலே குட்டிகளைப் பெருக்கி விற்கும் பண்ணையொன்றிலிருந்து 2013 இல் மீட்கப்பட்ட கவலியர் இனத்துத் தாய்நாய் அது. ஈற்றுமேல் ஈற்றாகப் பெற்று, குறுகிய கூட்டிலே கிடந்து உருக்குலைந்திருந்த அது 2016 இல் இறந்தது. ‘லூசியின் சட்டம்’ என வழங்கும் விதி 2020 ஏப்பிரல் 6 முதல் இங்கிலாந்திலே நடைமுறைக்கு வந்தது. ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டிகளை இடைத்தரகர் விற்றல் அதனால் விலக்கப்பட்டது. குட்டி பிறந்த இடத்திலேயே, தாயோடு சேர்த்துக் காட்டி விற்றல் வேண்டும். நம் பழமொழி சொன்னதையே அங்கே சட்டம் சொல்லிற்று.

வாங்கச் செல்வோர் மனத்திலே கொள்ளவேண்டியது இன்னொன்றும் உண்டு. நல்ல இனவிருத்தியாளர் கேள்விக்கு விடை சொல்வதோடு நில்லார். தாமும் கேள்வி கேட்பார். வீட்டிலே யார் இருப்பர், பகலெல்லாம் குட்டி தனித்திருக்குமா, வேலியுண்டா, முன்னர் நாய் வளர்த்ததுண்டா என வினவுவார். வளர்க்க இயலாத நிலை பின்னர் நேர்ந்தால் நாயைத் தம்மிடமே திருப்பித் தரும்படி எழுதியும் வாங்குவார். இக்கேள்விகளைக் கண்டு முகஞ்சுளித்தல் தகாது. பணத்தை எண்ணியதும் குட்டியைக் கையில் திணித்து, தாய் வேறிடத்தில் இருக்கின்றாள் என்று சொல்பவரையே அஞ்சுதல் வேண்டும். அத்தகைய இடத்திலே இரக்கத்தால் வாங்கும் ஒரு குட்டியின் விலை, கூட்டிலுள்ள தாயை இன்னுமோர் ஈற்றுக்கு உரியதாக்கிவிடுகின்றது.

குலம் கேட்டு மனிதரை மதித்தல் குற்றமென்று நாம் இன்று அறிவோம். நாயின் குலத்தைக் கேட்டல் குற்றமன்று. ஆனால் அது பெருமையின் பொருட்டாகாது, நலத்தின் பொருட்டாதல் வேண்டும். இனவிருத்தியாளர் வாங்குவோர் விரும்புவதையே வளர்க்கின்றனர். தட்டை முகம் கேட்டால் தட்டை முகமும், பட்டம் கேட்டால் பட்டமும் கிடைக்கும். தாயைக் காட்டுக, பெற்றோரின் சோதனைச் சான்றைக் காட்டுக என்று வாங்குவோர் அனைவரும் கேட்கத் தொடங்குவாராயின், இனி எழுதப்படும் பத்திரங்களிலே பெயர்களோடு நலமும் சேர்ந்து வரும்.