பாய்மரப் படகின் ஹாட்ச் மூடியைப் புதுப்பித்தல்

பாய்மரப் படகின் மேல்தளத்தில் காற்றிற்கும் வெளிச்சத்திற்குமாக அமைந்த திறப்பின் மூடியை ஹாட்ச் என்பர். அலுமினியச் சட்டத்தில் அக்ரிலிக் தகடு பதித்து இது செய்யப்படுகிறது. மாலுமிகள் அதன்மேல் மிதித்து நடப்பதுண்டு. புயலில் அலைகளும் அதன்மேல் புரளும். ஆகையால் பழுதுற்ற மூடியுடன் கடலேறுதல் உயிருக்கே ஆபத்தாகும்.

பல்லாண்டு வெயிலில் காய்ந்த அக்ரிலிக்கில் மயிரிழை போன்ற வெடிப்புகள் படரும். அவை ஆழ்ந்து சென்றிருப்பின் மெருகிடுவதால் பயனில்லை. தகட்டையே மாற்றுதல் வேண்டும்.

பழைய தகட்டை அளவாகக் கொண்டு, அதே தடிமனில் புதியதை அறுக்கலாம். ஆனால் சட்டத்தில் இறுகப் பொருத்துதல் தவறு. 500 மில்லிமீட்டர் நீளமுள்ள தகடு, வெப்பம் 30 டிகிரி செல்சியஸ் உயரும்போது சுமார் 1 மில்லிமீட்டர் நீளும். எனவே சுற்றிலும் இடைவெளி விட்டு, அக்ரிலிக்கிற்கு ஏற்ற சிலிக்கோன் பசையால் நிரப்புவோமாக. பாலிசல்பைடு பசை அக்ரிலிக்கைக் கெடுக்கும். அசிட்டோன் பட்டாலும் வெடிப்பு உண்டாகும். சட்டத்தை அதனால் துடைப்பதாயின், தகட்டை வைப்பதற்கு முன்னரே துடைத்து உலரவிட வேண்டும்.

நசுங்கிய ரப்பர் பட்டை, தேய்ந்த கீல், தளர்ந்த தாழ் ஆகியவற்றையும் உடன் மாற்றுதல் நலம். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி அலுமினியத்தைத் தொடுமிடத்தில் உப்புநீர் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கப்படும். திருகாணிக்குத் தடுப்புப் பசை தடவி முடுக்கினால் இத்தீங்கு குறையும்.

பசை முற்றும் இறுகிய பின், மூடியைத் தாழிட்டு நீர் பாய்ச்சிச் சோதிப்போம். கசிவு இருப்பின் அது கரையிலேயே தெரிந்துவிடட்டும்.